எடுக்காத நிறம்

வெளியே போனால் மற்றவர் காதில் விழக் கூடாததைத் தமிழில் பேசிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். கார் வாங்கப் போன இடத்தில் விற்பவனை எதிரே வைத்துக்கொண்டே, "இவன் இன்னும் குறைப்பான், எழுந்து போற மாதிரி கொஞ்சம் ஆக்ட் பண்ணுங்க" என்று சிரித்த முகத்தோடு கணவரிடம் சொன்னவள் நான். நாங்கள் குடியிருக்கிற அமெரிக்க ஊரான சன்னிவேலுக்குள் இதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். எல் கமினோ ரியல் சாலையில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் போதும், தமிழ் எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்ட அறை மாதிரி. உள்ளே என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஜூன் மாதம் சியோலில் ஒரு துணிக்கடைக்குள் நுழைகிற வரைக்கும்.

என் மகளுக்குப் பதினாறு வயது. சன்னிவேலில் பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது கொரிய மொழி. ஏதோ கொரியத் தொடர் பார்க்க ஆரம்பித்தவள், தானாகவே எழுத்து கற்றுக்கொண்டு, பாடம் கேட்டு, எங்கள் ஊர்க் கொரிய மளிகைக் கடையில் பில் போடுகிற அம்மாளிடம் தலை குனிந்து வணங்கிப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசினா வாய் வலிக்குது. கிம்ச்சி விக்கிறவங்ககிட்ட மட்டும் அருவி மாதிரி கொட்டுது" என்று திரும்பி வரும்போது காரில் சண்டை பிடிப்பேன். அவள் காதில் இயர்பட்ஸை மாட்டிக்கொள்வாள். எல்லாம் அவளுக்குப் புரிகிறதா, பாதி புரிகிறதா என்று நான் கேட்டதே இல்லை. பதில் வராத இடத்தில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதி.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சியோலின் நடுவில், மலையடிவாரத்தில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. அங்கே ஹன்போக் என்கிற அவர்களுடைய மரபு உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு, சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டையான வெள்ளைச் சட்டை, நெஞ்சிலிருந்து குடையாக விரிகிற இளரோஜா நிறப் பாவாடை. அந்த மாதிரி உடை உடுத்திய யாரோ ஒரு பெண்ணின் படம் அவளுடைய போனில் முகப்பாகவே நெடுநாள் இருந்தது. கோயிலுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொள் என்றால் "இட்ஸ் டூ ஹாட்" என்பவள் இதற்கு மட்டும் அலைகிறாளே என்று எனக்கு உள்ளூர எரியும். இருந்தாலும், என் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டுத் திரும்பும் வழியில் சியோலில் இறங்குவது என்று முடிவாயிற்று. அந்தக் கல்யாணத்துக்கு அவள் முகம் சுளிக்காமல் வந்ததற்குக் காரணமே அதுதான்.

கல்யாணம் வைகாசி முகூர்த்தம். மண்டபத்தில் கால் வைத்ததிலிருந்து ஒரே பேச்சு. என் மகள் பள்ளிக்கூட நீச்சல் அணியில் இருக்கிறாள். கலிஃபோர்னியா வெயில் அவள் தோளிலும் முகத்திலும் நன்றாகவே ஏறியிருந்தது. "என்னடி இது, அமெரிக்காவுல இருந்துட்டு இப்படிக் கறுத்துப் போயிருக்கா?" என்றாள் அக்கா. "ஸ்விம்மிங்கை முதல்ல நிறுத்து. நாளைக்கு நம்மகிட்டதானே மாப்பிள்ளை பார்க்கச் சொல்லுவே" என்றார் சித்தி. கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து ஒரு பொட்டலம் கட்டி என் கைப்பையில் திணித்ததும் அவர்தான். இதெல்லாம் அவளை நடுவில் நிற்க வைத்துக்கொண்டே நடந்தது. அவள் கையில் இருந்த மாதுளை ஜூஸைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்து மழுப்பினேன். பொட்டலத்தைத் தூக்கிப் போடவில்லை.

நானும் கறுப்புதான். மூன்று பெண்களில் நடுவில் பிறந்த கறுப்பு. தீபாவளிக்கு அக்காவுக்கும் தங்கைக்கும் ரோஜா நிறமும் வெளிர் மஞ்சளும் வரும். எனக்கு மெரூன், இல்லாவிட்டால் பாட்டில் க்ரீன். "உனக்கு லைட் கலர் எடுக்காதுடி" என்று அம்மா அன்பாகத்தான் சொல்வார். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று தோளைத் தட்டிவிட்டு மெரூனைக் கையில் கொடுப்பார். இன்றைக்கும் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் வரிசையாக நேவி ப்ளூவும் மெரூனும் கரும்பச்சையும்தான். "யாரு யூனிஃபார்ம் இது?" என்று கணவர் கிண்டல் செய்வார். அவருக்கு எங்கே தெரியப் போகிறது, அவர் சிவப்பு.

அரண்மனை வாசலுக்கு எதிர்ச் சந்தில் ஹன்போக் வாடகைக் கடைகள் நிறைய இருந்தன. அந்த உடையில் வருகிறவர்களுக்கு அரண்மனைக்குள் நுழைவுச்சீட்டு வேண்டாம் என்று தெரிந்ததும் கணவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "டிரஸ் போட்டா என்ட்ரி ஃப்ரீயா? அப்ப எனக்கும் ஒண்ணு பாருடா கண்ணா" என்று மகளிடம் சொல்லி, நீல அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக ஐந்தே நிமிடத்தில் தயாராகிவிட்டார். "எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று நான் ஒதுங்கிக்கொண்டேன்.

மகள் நேராக அந்த இளரோஜாப் பாவாடையிடம் போனாள். தேடவே இல்லை. உள்ளே நுழையும்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்து, தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். சிரித்தாள். சென்னையில் கல்யாணத்துக்கு இருந்த நான்கு நாளும் நான் பார்க்காத சிரிப்பு அது.

நான் பக்கத்தில் போய்த் தமிழில் சொன்னேன். கதவு சாத்திய அறையல்லவா, குரலைக்கூடத் தணிக்கவில்லை.

"அந்த பிங்க் வேணாம்டி. உனக்கு எடுக்காது. ஏற்கெனவே ஸ்விம்மிங்ல கறுத்துக் கெடக்கே, இதைப் போட்டா இன்னும் டல்லா தெரியும். போட்டோ நல்லா வரணும்ல? அந்த நேவி ப்ளூ எடுத்துக்கோ."

அவள் இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு பாவாடையை மடிப்புக் கலையாமல் திரும்ப மாட்டினாள். "ஓகே" என்றாள்.

"ஏம்மா, அது நல்லாத்தானே இருக்கு? ஏன் வேணாங்கறே?"

அசல் சென்னைத் தமிழ். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. யாரோ நம் ஊர் அம்மாள்தான் என்று திரும்பிப் பார்த்தால், கண்ணாடி முன் நாற்காலியில் ஒரு கொரியப் பெண்மணி. அறுபதை ஒட்டிய வயது. கடைப்பெண் அவருக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் போலவே உடை மாற்ற வந்தவர். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மெட்ராஸ்ல ரொம்ப வருஷம் இருந்தேன். அண்ணா நகர். என் வீட்டுக்காரருக்கு அங்க கார் ஃபேக்டரில வேலை" என்றார். யாரையும் 'நீ' என்று பேசுகிற தமிழ். காய்கறிக்காரரிடமும் வேலைக்கு வந்த அம்மாளிடமும் கற்றுக்கொண்டது என்று அவரே சொன்னார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "சாப்டாச்சா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆச்சு, ஆச்சு" என்று அவர் சிரித்தார். "பொண்ணு அழகா இருக்கா. அந்த ரோஸ் போடச் சொல்லு."

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே நேவி ப்ளூவை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போயிருந்தாள்.

அரண்மனை பெரிய அரண்மனை. வாசலில் காவலர்கள் கொடியும் முரசுமாக முறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனசு அதில் எதிலும் ஒட்டவில்லை. அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார், இவர்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் பேசுவார்களா என்று நினைத்திருப்பாரோ, இதே வாசலில் மறுபடி எதிரே வந்துவிடுவாரோ என்று கூட்டத்தையே துழாவிக்கொண்டு நடந்தேன். நடு நடுவே கோபமும் வந்தது. இவர்கள் மட்டும் என்ன யோக்கியம், தெருவுக்குத் தெரு முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்தானே விற்கிறார்கள் என்று உள்ளுக்குள் வாதாடினேன். எதிர்த் தரப்பில் யாரும் இல்லாத வழக்கு. அதிலும் எனக்குத் தோல்விதான்.

சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் அகன்ற கல் முற்றம். அதில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கல்தூண்கள், முழங்காலுக்கு மேல் உயரம். எந்தப் பதவிக்காரர் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவற்றில் பொறித்திருப்பதாக மகள் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் யார் எந்த நிறம் உடுத்தலாம் என்பதற்கும் விதி உண்டாம். ராஜாவுக்குச் சிவப்பு, அதிகாரிகளுக்கு அந்தஸ்துக்குத் தக்கபடி வேறு வேறு நிறம். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், என்னைப் பார்க்காமல். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் சுருக்கென்றது.

கணவருக்கு இந்த நுட்பமெல்லாம் ஏறாது. அவர் வாட்ஸ்அப்பில் படித்து வைத்த ஒரு கதைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியுமாடா? ஆதி காலத்துல கொரியாவுக்குக் கப்பல்ல வந்து ராணியானவளே நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுதானாம்" என்றார். கொரியர்கள் அவள் ஊர் என்று நம்புவது இந்தியாவில் வேறு ஊர், அது பழைய புராணக் கதை, இந்த அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் பொறுமையாகச் சொன்னாள். பிறகு, தன் பாவாடையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஒன்று சேர்த்தாள்.

"அப்படியே அவ தமிழ்ப் பொண்ணா இருந்திருந்தா, நேவி ப்ளூதான் கட்டியிருப்பா."

கணவர் ஜோக் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மண்டபத்துக்குள் போக முடியாது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். இருட்டுக்குள் உயரத்தில் சிம்மாசனம், அதன் பின்னால் சூரியனும் சந்திரனும் ஐந்து மலைகளும் வரைந்த திரை. படிக்கட்டில் மகளை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். நில் என்ற இடத்தில் நின்றாள், திரும்பு என்றால் திரும்பினாள், சிரி என்றால் பல்லைக் காட்டினாள். நான் அதில் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே அக்காவிடமிருந்து பதில் வந்தது: "இந்த டிரஸ்ல கொஞ்சம் கலரா தெரியறா. நல்ல செலக்‌ஷன்." படித்ததும் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. கடையில் அவ்வளவு அவமானப்பட்ட பிறகும் அது தலை நீட்டியது. அந்த ஒரு கணத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

யாரைக் கண்டு ஒளிந்தேனோ அவரே வந்தார். ராணி வசித்த கட்டிடத்தின் பின்புறத் தோட்டத்தில், பூவேலை செய்த செங்கல் புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில், "மெட்ராஸ்!" என்று ஒரு குரல். சாம்பல் நிற ஹன்போக்கில் அந்த அம்மாள். கூடவே முப்பது வயதில் உயரமான மகள். என்னைக் கண்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தமிழ் பேசி ரொம்ப நாளாயிற்று என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணா நகரில் குடியிருந்த அடுக்ககம், மொட்டை மாடியில் காயப் போட்ட மிளகாய், மழை வந்தால் தெருவில் ஓடிய தண்ணீர் என்று வரிசையாகக் கேட்டார், சொன்னார். கணவரும் என் மகளும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ அப்ப சின்னப் பாப்பா" என்று தன் மகளைக் காட்டினார். "பால்காரரு, காய்காரரு, ஃப்ளாட்ல எல்லாரும் இவளைத் தூக்குவாங்க. வெள்ளைப் பாப்பா, வெள்ளைப் பாப்பான்னு கொஞ்சுவாங்க. கீழ் வீட்டுல இவ வயசுல ஒரு பொண்ணு இருந்துச்சு. கறுப்பா, கண்ணு பெருசா, அழகா இருக்கும். அதை யாரும் தூக்க மாட்டாங்க. சும்மா பக்கத்துல நின்னு பார்க்கும். நான் போய் அதைத் தூக்கிக்குவேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. ஒரு நல்ல ஊரைப் பற்றிய நினைவுகளில் ஒன்றாக, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அடுத்த பேச்சு மசால் தோசைக்குப் போய்விட்டது. எனக்குத்தான் அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. கீழ் வீட்டுப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் ஓடலாம் என்கிற மாதிரி நின்றிருப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கையின் புத்திகூட எனக்கு இல்லாமல் போயிற்று.

அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு குளக்கரைக்கு வந்தோம். தண்ணீரின் நடுவில் தூண்கள் மேல் நிற்கிற பெரிய மண்டபம். கணவர் அதைப் படம் எடுக்கப் போக, நானும் மகளும் மர நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பாவாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியும்னு யாரு கண்டா? எனக்கு அவமானமா போச்சு. காலையிலேர்ந்து மனசே சரியில்ல."

அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், ஆங்கிலத்தில், சண்டைக் குரலே இல்லாமல். "அவங்களுக்குப் புரிஞ்சதுனாலதானே உனக்கு அவமானம்?"

"பின்ன?"

"எனக்கும் தமிழ் புரியும்மா. எப்பவும் புரியும்."

அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கல்யாண மண்டபம், அக்கா, சித்தி, மாதுளை ஜூஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அவள் முகம் எல்லாம் வந்து போயின. அதற்கும் முன்னால், போனில் அம்மாவிடம் நான் பேசியவை. "நிறம்தான் கொஞ்சம் கம்மி, மத்தபடி மூக்கும் முழியும் நல்லா இருக்கும்மா" என்று எத்தனை தடவை, அவள் பக்கத்திலேயே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்க. தமிழ் என்று நான் கதவைச் சாத்திக்கொண்ட அந்த அறைக்குள் அவளும் என்னோடுதான் இருந்திருக்கிறாள், பிறந்ததிலிருந்து.

கணவர் திரும்பி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, பசியா?" என்றார்.

உடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் நான்தான் அவசரப்படுத்திக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இளரோஜா இன்னும் இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். இருந்தது. காலையில் அவள் மாட்டிவைத்த அதே இடத்தில், அதே மடிப்போடு. மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா என்று கடைப்பெண்ணிடம் கையைக் காட்டிக் கேட்டேன். தாராளமாக என்று தலையசைத்தாள்.

நான் அதை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மகளிடம் போனேன். "இதைப் போட்டுக்கோடி. திரும்ப உள்ள போலாம். அந்த மண்டபத்து முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாம். நீ ஆசைப்பட்ட மாதிரி. வெயில்கூட இப்ப நல்லா இருக்கு."

அவள் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் துணியைக் கொஞ்சம் நிரடினாள். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள். காலையில் பார்த்த மாதிரி இல்லை. கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி, காலையில் அங்கே சிரித்தவள் இருக்கிறாளா இல்லையா என்று பார்த்தாள்.

வருடக்கணக்காக நான் கெஞ்சியும் திட்டியும் கேட்ட தமிழ் அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. என் அம்மாவின் இழுப்பு, என்னுடைய இழுப்பு, அதே இழுப்பு.

"வேணாம்மா. எனக்கு எடுக்காது."

சொல்லிவிட்டு, நேவி ப்ளூவின் முடிச்சை அவிழ்க்க உடை மாற்றும் அறைக்குள் போனாள். நான் அந்தப் பாவாடையை ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.